கைக்கு எவ்வளவு வேணும்?

"உங்கட கைக்கு எவ்வளவு வேணும்? அதச் சொல்லுங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறன்."

வீடு விற்கப் போகிறோம் என்று மட்டக்களப்பில் யாராவது வாய் திறந்தால் மூன்று நாளைக்குள் இந்தக் கேள்வி படலையைத் திறந்துகொண்டு வந்துவிடும். புரோக்கர்மாரைத் திட்டத்தான் எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். எங்கட மாமா ஒருவரே கனகாலம் அந்தத் தொழில் செய்தவர், வெயிலில் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்த காசு அது. எனக்குக் கோபம் இந்த ஒரு கேள்வியின் மேல்தான்.

கல்லடியில் சின்னம்மாவின் வீடு. இருபது பேர்ச் வளவு, நல்ல தண்ணிக் கிணறு, நாலு தென்னை, ஒரு பலா. மகள் கனடாவில், இவர்களும் போகப் போகிறார்கள். நாங்களே விற்போம் என்று முடிவெடுத்து, "புரோக்கர்கள் தேவையில்லை" என்று கொட்டை எழுத்தில் போட்டு இணையத்தில் விளம்பரம் கொடுத்தது நான்தான். முதல் இரண்டு நாளில் பதினொரு அழைப்பு வந்தது, அதில் ஒன்பது புரோக்கர்கள். ஆனால் ஒருவரும் தன்னைப் புரோக்கர் என்று சொல்லவில்லை. ஒருவருக்குத் தங்கச்சியின் சீதனத்துக்கு வீடு வேணும், இன்னொருவருக்கு சுவிஸில் இருக்கிற மச்சானுக்கு வேணும். மச்சானுக்கு எத்தனை அறை தேவை என்று கேட்டால் பதில் இல்லை, "கடைசி விலை என்ன அண்ணன்" என்பதுதான் திரும்பத் திரும்ப. ஒரு கிழமை போனதும் பார்த்தால் நான் எடுத்த அதே படம், பலா மரத்தடியில் சின்னம்மாவின் நீலக் கதிரையோடு, வேறு இரண்டு நம்பர்களில், வேறு இரண்டு விலைகளில் கிடக்கிறது. ஒரே வீட்டுக்கு மூன்று விலையைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? காணி உறுதிப் பத்திரத்தில் ஏதோ சிக்கல் என்றுதானே.

பிறகு ஒருவர் நேரே வந்தார். நான் புரோக்கர் என்று சொல்லிக்கொண்டே வந்ததால் எனக்கு ஆளைப் பிடித்துப்போனது. இருந்து, தேத்தண்ணி குடித்து, சித்தப்பாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். சித்தப்பா கொஞ்சம் யோசித்து "ஒண்டு முப்பத்தஞ்சு" என்றார், அதாவது ஒரு கோடி 35 இலட்சம்.

எங்கட பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது உங்களுக்குத் தெரியும், தாயின் வீடு மகளுக்குப் போகும், அவளிடமிருந்து அவளின் மகளுக்குப் போகும். இந்த வீட்டின் உறுதியும் சின்னம்மாவின் பெயரில்தான். வந்தவர் பேசியதெல்லாம் சித்தப்பாவோடும் என்னோடும். வீட்டுக்காரி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தா. எனக்கும் அப்போது அது உறைக்கவில்லை.

இரண்டு கிழமையில் ஒரு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். வருவதற்கு முன்னமே எங்களுக்கு எச்சரிக்கை: "விலையப் பத்தி அவங்களோட கதைக்காதீங்க, குழம்பிரும்." அவர்களுக்கும் இதையே சொல்லியிருக்கிறார் என்பது பிறகுதான் தெரியும். ஆம்பிளைகள் முன்னுக்கு நின்று மதிலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், வாங்க வந்த பெண்ணின் தாய் கிணற்றடிப் பக்கம் போய்ச் சின்னம்மாவிடம் மெல்லக் கேட்டிருக்கிறா, "ஏன்கா, ஒண்டு அறுபதுக்குக் கீழ இறங்கவே மாட்டீங்களாம், உண்மையா?"

சின்னம்மாவுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கியது.

கணக்கைப் பாருங்கள். எங்களுக்கு ஒரு கோடி 35 இலட்சம், வாங்குகிறவருக்கு ஒரு கோடி 60. நடுவில் 25 இலட்சம். மூன்று வீதம் கமிஷன் என்று முறையாகக் கேட்டிருந்தால், அந்த 160க்குமே 4 இலட்சத்து 80 ஆயிரம்தான் வரும். அதைவிட எனக்கு எரிச்சல் இன்னொன்று. இவர்களுக்கு முதல் ஒருவர் ஒன்று 40க்குக் கேட்டாராம், புரோக்கர் அதை எங்களிடம் சொல்லவேயில்லை, அந்த விலைக்கு விற்றால் அவருக்கு மிஞ்சுவது 5 இலட்சம்தானே. கைக்கு இவ்வளவு வேணும் என்று நீங்கள் சொன்ன நிமிடத்திலிருந்து அந்த மனிசன் உங்கள் ஆள் இல்லை, வாங்குகிறவரின் ஆளும் இல்லை. ஒரு ரூபாய் முதல் போடாமல் உங்கள் வீட்டை வைத்து வியாபாரம் செய்கிற மூன்றாவது ஆள். உங்களுக்கு வந்த விலை உங்கள் காதுக்கே வராது.

ஆகவே வீதத்தைப் பேசுங்கள், கமிஷனை யாரிடம் எடுக்கிறார் என்று முகத்துக்கு நேரே கேளுங்கள், எத்தனை நாளைக்கு என்று எழுதி வையுங்கள். இரண்டு பக்கமும் கமிஷன் எடுக்கிறவர் என்றால் இரண்டு பக்கத்துக்கும் அது தெரிய வேணும், அவ்வளவுதான்.

ஐம்பதாயிரத்தை மேசையில் வைத்து ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குகிற பழக்கமும் இருக்கிறது, உங்களுக்கே விற்கிறேன், மூன்று மாதத்துக்கு வேறு யாருக்கும் காட்டமாட்டேன் என்று. காணி விற்கிற உடன்படிக்கை நொத்தாரிசுக்கு முன்னால், இரண்டு சாட்சியோடு எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் சொல்வது அது, வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம், இன்றைக்கும் அதுதான். ஆனால் முற்பணத்தைச் செலவழித்துவிட்டு அந்தத் தாள் செல்லாது என்று வாதாடப் போகாதீர்கள், வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்கத்தான் வேணும். வாங்காமலே இருங்கள்.

விலையை இறக்க, உறுதி எழுதும்போது கட்டுகிற முத்திரைத் தீர்வையையும் இழுப்பார்கள். முதல் ஓர் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், ஆக ஒரு கோடிக்கு 3 இலட்சத்து 99 ஆயிரம். அது வாங்குகிறவர் கட்டுகிற காசு, உங்கள் விலையில் கழிப்பதற்கு இல்லை. கனடாக்காரர், லண்டன்காரர் என்று ஆசை காட்டினால் இரட்டைப் பிரஜாவுரிமை இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வெளிநாட்டுப் பிரஜையின் பெயருக்குக் காணி எழுதுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது, இரட்டைப் பிரஜைகளுக்கு அந்தத் தடை இல்லை. இந்தக் கேள்விக்கே பாதிக் கனடாக்காரர்கள் காணாமல் போய்விடுவார்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

சரி, வீட்டுக் கதை. கிணற்றடியில் இரண்டு மனிசிமாரும் முக்கால் மணித்தியாலம் கதைத்தார்கள். பலாவை வெட்டக்கூடாது என்பதும் அந்தப் பேச்சில் இருந்தது. ஒரு கோடி 48க்குத் தீர்ந்தது. சித்தப்பாவும் நானும் முன்விறாந்தையில் உட்கார்ந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புரோக்கருக்கு ஒரு சதமும் கொடுக்கக்கூடாது என்று வீட்டில் பெரிய சண்டை. நான் கொடுக்க வேணும் என்றேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தது அவர்தானே, என் விளம்பரத்துக்கு அந்தக் குடும்பம் வரவில்லையே. கடைசியில் சின்னம்மாதான் மூன்று வீதத்தை எண்ணிக் கொடுத்தா, 4 இலட்சத்து 44 ஆயிரம், தன் கையாலேயே. வாங்கும்போது அவர் முகத்தைப் பார்க்க வேணும். முதல் தடவையாக அவ பக்கம் திரும்பி, "அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் வேற யாரும் விக்கிறாங்களா?" என்று கேட்டார்.