லயத்துக்குக் கதவு இருந்தது

சிறைக்குள் புழுக்கம் தாங்கவில்லையாம் என்று மலேசியாவில் எங்கள் ஊரான பீடோங்கின் வாட்ஸ்அப் குழுவில் நேற்று ஒரு வரி எழுதினேன். உடனே வந்த பதில்: “ஜெயில் என்ன ஹோட்டலா, ஏர்கோன் போட?” அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் பாதிப் பேர் என்னோடு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்கள். “நாமெல்லாம் தகரக் கூரைக்கு அடியில வளரலையா?” என்று இன்னொருவர்.

வளர்ந்தோம், சரி. மத்தியான வெயிலில் தகரம் பட் பட்டென்று சத்தம் போடும்போது யாராவது உள்ளே இருந்தோமா? பாட்டி சாக்கை நனைத்து வாசலில் தொங்கவிடும். நாங்கள் ஆற்றில் கிடப்போம். ராத்திரி புழுங்கினால் பாயைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவோம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் விடியுமுன்னே பிரட்டு (ஆள் கணக்கெடுப்பு), பால் வெட்டு. ரப்பர் மரத்துக்காகத் தோட்டமே தன் நேரத்தை மாற்றிக்கொண்டது.

பூட்டிய அறையில் இருப்பவன் எங்கே எழுந்து போவான்? கான்கிரீட் பகலெல்லாம் குடித்த சூட்டை ராத்திரி முழுக்கக் கக்கும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. ஆள் கூடக்கூட உடம்புச் சூடும் மூச்சும் அதோடு சேரும்.

பக்கத்து வீட்டு அக்கா மகன் விசாரணைக் கைதியாக உள்ளே இருக்கிறான். ஜாமீன் பணம் புரட்ட முடியவில்லை, அவ்வளவுதான். தீர்ப்பே இன்னும் வரவில்லை. போன வாரம் அக்காவைக் காரில் கூட்டிப் போனேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்குக் கழுத்திலிருந்து நெஞ்சு வரை வேர்க்குரு, சொறிந்து சொறிந்து அங்கங்கே புண். பணம் கேட்கவில்லை, வக்கீலைப் பற்றியும் கேட்கவில்லை. “மாமா, வெளியில மழை பேஞ்சிச்சா?” என்றான். ராத்திரி சட்டையை நனைத்துத் தரையில் விரித்து அதன் மேல் படுப்பானாம். தண்ணீர் வராத ராத்திரியில் அதுவும் கிடையாது.

37 டிகிரிக்கு மேல் 3 நாள் தொடர்ந்தால் நம் நாட்டில் பள்ளிக்கூடத்தை மூடலாம். 1998-இல் பெர்லிஸ் மாநிலத்துச் சூப்பிங்கில் 40.1 டிகிரி அடித்தது, அது நமக்குத் தூரமில்லை. அப்படி ஒரு வாரம் திரும்ப வந்தால் சிறையை யார் மூடுவது?

அமெரிக்காவின் டெக்சாஸில் பெரும்பாலான சிறைகளில் கைதிகள் தங்கும் இடம் முழுவதற்கும் ஏர்கோன் இல்லை. 2001 முதல் 2019 வரை அப்படிப்பட்ட சிறைகளில் நடந்த மரணங்களில் 271-க்குக் கடும் வெயில் காரணமாக இருக்கலாம் என்று 2022-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஏர்கோன் இருந்த சிறைகளில் வெயிலுக்கும் சாவுக்கும் அந்தத் தொடர்பு தெரியவில்லை. 2017-இல் ஒரு நீதிபதி, வெயில் தாங்காத உடம்புள்ள கைதிகளைக் குளிர்ந்த இடத்தில் வைக்கச் சொல்லி உத்தரவே போட்டார். ஆக, ஏர்கோன் கேட்டால்தான் என்ன குற்றம்?

சரி, அது நாளைக்கே நடக்காது. கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்று ஐநா 2015-இல் ஏற்ற மண்டேலா விதிகள் கேட்பது அதைவிடச் சின்ன விஷயம்: ஊரின் தட்பவெப்பத்தைப் பார்த்து இடமும் காற்றோட்டமும் கொடு, காற்று வருகிற அளவுக்கு ஜன்னல் வை. கூரைக்கு வெள்ளைச் சாயம் அடிக்கலாம். ராத்திரி குழாயை மூடாமல் விடலாம். வெறும் காற்றாடி சூட்டைத்தான் சுற்றிவிடும், ஆனால் உடம்பு நனைந்திருந்தால் அதே காற்றாடி குளிர்ச்சி தரும். ஒரு வாளித் தண்ணீருக்கு என்ன செலவு? மனநோய்க்கும் பிரஷருக்கும் மருந்து சாப்பிடுபவர்களில் பலருக்கு வெக்கை சீக்கிரம் ஏறும் (மருந்துச் சீட்டைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்). அவர்களையாவது கூரைக்கு நேர் கீழே உள்ள மாடியில் போடாமல் இருக்கலாமே.

அந்தக் குழுவில் சிரித்த ஒருவரின் தம்பியும் உள்ளேதான் இருக்கிறான். அதை நான் அங்கே எழுதவில்லை.

அடுத்த சந்திப்பு வியாழக்கிழமை. மெல்லிசாக ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறது அக்கா. உள்ளே விடுவார்களா என்று போன் போட்டுக் கேட்க வேண்டும்.