சபை பேசியது அப்பத்தாவுக்குக் கேட்கவில்லை

போன மாதம் பரணைச் சுத்தம் செய்தபோது எங்கள் ஐயாவின், அதாவது தாத்தாவின், பேரேடு ஒன்று கிடைத்தது. வரவு செலவுக்கு நடுவே நாட்டு நடப்பையும் எழுதிவைக்கிற பழக்கம் அவர்களுக்கு. சுபகிருது வருஷம் ஐப்பசி, கார்த்திகைப் பக்கங்களில் புளி, நல்லெண்ணெய், கொத்தனார் கூலி இவற்றுக்கு இடையில் சீனப் படையெடுப்பு ஓடுகிறது. 1962.

அந்தச் செய்தியெல்லாம் வந்தது முகப்பில் இருந்த வால்வு ரேடியோ வழியாக. அதை நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். திருகினால் உடனே பேசாது. வால்வு சூடேற வேண்டும், பச்சைக் கண் மெல்லத் திறக்க வேண்டும், அப்புறம்தான் குரல் வரும். செய்தி நேரத்துக்கு அக்கம்பக்கத்தார் திண்ணை வரைக்கும் உட்கார்ந்திருப்பார்களாம். நிலைக்கு அந்தப் பக்கம், வளவில், அதாவது வீட்டின் உள்கட்டில், அப்பத்தாவும் ஆச்சிமார்களும்.

ஐயா பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்ய, போனவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூன் மேல் குண்டு போட்டபோது அங்கே இருந்தவர்கள். கடையையும் கணக்கையும் விட்டுவிட்டு வந்தவர்கள். அந்நியப் படை எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ, அந்த இரண்டு மாதமும் ஒரு நாள் விடாமல் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பிரதமர் ரேடியோவில் பேசியது இருக்கிறது. விழுந்த ஊர்கள் இருக்கின்றன. நவம்பர் 14-க்கு நேரே, "தில்லி சபை எழுந்து நின்று தீர்மானம். விரட்டும் வரை ஓய்வதில்லை." அவ்வளவுதான்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு வாரம் இருக்கிறது. நவம்பர் 8-ஆம் தேதி நேரு மக்களவையில் தீர்மானத்தை வைத்தார். 14-ஆம் தேதி நிறைவேறும் வரை 165 உறுப்பினர்கள் பேசினார்கள். ரகசியக் கூட்டமாக நடத்தலாம் என்று கேட்டவர்களும் உண்டு. நேரு சம்மதிக்கவில்லை, திறந்த அவையிலேயே நடக்கட்டும் என்றார். அதற்காக அவரை இன்றைக்கும் மதிக்கிறேன். தயாரிப்பில்லாமல் ஜவான்களை மலை மேலே அனுப்பியது யார் என்ற கேள்வியை அவர் உட்கார்ந்து கேட்டார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் அதற்குள் பதவி விலக வேண்டியதாயிற்று.

கதவு திறந்துதான் இருந்தது. அந்தக் குரல்கள்தான் எங்கள் முகப்புக்கு வரவில்லை. 165 பேரில் ஒருவர் பெயர்கூட ஐயாவின் ஏட்டில் இல்லை.

பேப்பரில் வந்திருக்குமே என்பீர்கள். வந்தது. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கு ரேடியோதான் பேப்பர். அதே கார்த்திகைப் பக்கத்தில் செலவுக் கணக்கில் ஒரு வரி: "வளையல் 2, யுத்த நிதிக்கு." கையிலிருந்து கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுத்தவர்களுக்கு, தன் சார்பில் தில்லியில் யார் என்ன கேட்டார்கள் என்று காதால் கேட்கிற உரிமை இல்லையா? தீர்மானம் போட்ட ஒரு வாரத்துக்குள் வடகிழக்கு எல்லை மலையில் இருக்கும் போம்டிலா ஊர் சீனர் கைக்குப் போனது. 21-ஆம் தேதி சீனா தானாகவே போரை நிறுத்தியது. அந்த வளவில் இருந்தவர்களுக்கு இரண்டுமே வானத்திலிருந்து விழுந்த செய்தி.

அன்றைய ரேடியோ அரசாங்கத்தின் ஒரு துறை. பிரசார் பாரதி என்று தனி அமைப்பு வந்ததே 1997-இல். செய்தி வாசித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வாசிக்கக் கொடுத்ததை வாசித்தார்கள்.

சண்டை நேரத்தில் இதெல்லாம் முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு உதாரணம். 1982 ஏப்ரல் 2, வெள்ளிக்கிழமை, பிரிட்டன் ஆண்டுவந்த ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினா படை இறங்கியது. மறுநாள் சனிக்கிழமையே லண்டனில் காமன்ஸ் சபை, அவர்களுடைய மக்களவை, கூடியது. 1956 சூயஸ் நெருக்கடிக்குப் பிறகு அவர்கள் சனிக்கிழமை கூடியது அன்றைக்குத்தான். டிவி கேமரா அந்தச் சபைக்குள் போனது 1989-இல். ஆனால் 1978-லிருந்தே ரேடியோ இருந்தது. பிரதமர் தாட்சரின் பேச்சும், எதிர்க்கட்சித் தலைவர் மைக்கேல் ஃபுட்டின் கோபமும், பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட் பேச எழுந்தபோது கிளம்பிய கூச்சலும் நேரடியாக வீடுகளுக்குப் போயின. திங்கட்கிழமை வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பதவி விலகினார். அதே திங்கட்கிழமைதான் கப்பல்களும் கிளம்பின. ஜனங்கள் கேட்டதால் கப்பல் நிற்கவில்லை. அந்தப் போர் சரியா தப்பா என்பது வேறு பேச்சு. சபையின் சத்தம் வெளியே கேட்டால் நாடு பலவீனமாகிவிடும் என்ற வாதம் அன்றைக்கே பொய்த்துப்போனது.

இப்போது நாடாளுமன்றத்தைக் காட்டும் சன்சத் டிவி இருக்கிறது, போன் இருக்கிறது. ஆனாலும் காட்டு வேலைக்குப் போகிறவர், சமையல்கட்டில் நிற்கிற ஆச்சி, கண் தெரியாத பெரியவர், இவர்களுக்கெல்லாம் இன்னமும் காதுதான். எல்லையில் ஒன்று நடந்தால் அன்றைய விவாதம் முழுசாக, தமிழில், ரேடியோவில் வர வேண்டும். மூன்று நிமிஷச் சுருக்கம் போதாது. எதிர்த்துப் பேசியவர் பேச்சும் வர வேண்டும், அமைச்சர் பதில் சொல்லத் திணறினால் அதுவும் வர வேண்டும்.

1962 விவாதம் முழுக்க எழுத்தில் இருக்கிறது. அதிலிருந்து சில பேச்சுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வருகிற நவம்பர் 8 சாயங்காலம், ரேடியோ இருந்த அதே முகப்பில், சத்தமாக வாசிக்கப்போகிறேன். வளவுப் பக்கம் ஜமுக்காளம் விரித்திருக்கும். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வாங்க.