குவியலைப் பார்க்கத் தெரிந்த டாக்டர்

போன வருஷம் மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, பிடுங்கிய மறுநாள் எங்கள் பசு நுரை தள்ளி விழுந்தது. வீடு கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம். கால்நடை டாக்டர் பைக்கில் வந்தார், பின்னாலேயே இன்னொரு பைக்கில் பயிற்சி மாணவர்கள் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும்.

அந்தப் பெண் அம்மையிடம், "என்ன தீனி போட்டீங்க?" என்றாள். "எப்பவும் உள்ளதுதான் மக்கா, தவிடும் பிண்ணாக்கும்." அப்படியே எழுதிக்கொண்டாள். டாக்டர் ஈறைப் பார்த்தார், செக்கச்செவேலென்று இருந்தது. நேராகத் தொழுவத்தின் பின்னால் போனார். வெட்டிப் போட்ட மரச்சீனி இலைக் குவியலில் ஒரு ஓரம் காணவில்லை. அந்த இலை வயிற்றுக்குள் போனால் சயனைடு. சோடியம் நைட்ரைட், அப்புறம் சோடியம் தயோசல்பேட், இரண்டும் நரம்பில் என்று அந்தப் பெண் மடமடவென்று சொன்னாள். மருந்து தெரிந்த பிள்ளைக்குக் குவியலைப் பார்க்கத் தெரியவில்லை. அம்மை சொன்னதும் பொய் இல்லை. அவள் போடவில்லை, மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு போய்த் தின்றிருக்கிறது.

மாடு பிழைத்தது. அன்றிலிருந்துதான் எனக்கு இந்த எண்ணம்: கால்நடை டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் கிராமத்தில் தங்கிப் பழக வேண்டும்.

கால்நடை மருத்துவப் படிப்பு ஐந்தரை வருஷம், அதில் கடைசி ஒரு வருஷம் பயிற்சி. நம் மாவட்டத்தில் கல்லூரி கிடையாது. 2012இல் தொடங்கிய திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரிதான் பக்கம். பிள்ளைகள் முகாமுக்கு வருவார்கள். பந்தல், பிளெக்ஸ், குடற்புழு மருந்து, போட்டோ, சாயங்காலம் பஸ். கொடுத்த மருந்து கேட்டதா, பால் ஏறியதா என்று பார்க்க யாரும் திரும்பி வருவதில்லை. எனக்கு முகாம் மேல் பெரிய மரியாதை இல்லை. ஒரே கிராம மருந்தகத்தில் ஒரு மாதமாவது தங்கி, அதே வீடுகளுக்குத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். அப்போதுதான், "சரி டாக்டரே" என்று தலையாட்டிய வீட்டில் மருந்துச் சீட்டு வாங்கப்படாமல் ஓட்டுச் சந்தில் செருகியிருப்பது கண்ணில் படும். அடுத்த முறை எழுதும்போது கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தோன்றும்.

இதில் சிக்கலும் உண்டு. தனி ஆளாய் ஓடும் டாக்டருக்குக் கற்றுக்கொடுக்கவும் நேரம் வேண்டும், அதற்கு ஆள் போடாமல் மாணவர்களை மட்டும் அனுப்பிப் பிரயோஜனமில்லை. சினை பார்ப்பது உள்ளே கைவிட்டுத்தான் பழகும், அதற்காக ஒரே மாட்டை வரிசையாக நாலு பேர் சோதித்தால் எந்த வீட்டில் பொறுப்பார்கள்? கேட்டுவிட்டுத் தொட வேண்டும்.

எங்கள் பசு விழுந்த மூன்றாம் நாள் அந்தப் பிள்ளைகள் அவர்களாகவே வந்தார்கள். கூடவே பக்கத்துத் தொழுவத்தில் நிற்கும் எங்கள் இன்னொரு மாட்டுக்குச் சினை பார்க்கட்டுமா என்று கேட்டார்கள். அம்மை இருவர் கையையும் விரித்துப் பார்த்தாள். "நீ பாரு மக்கா. அவன் நகம் வெட்டீட்டு வரட்டு."