நாயைப் பழக்கிவிடலாம், இந்த வீட்டை?

தூக்கத்தைத் தின்று கட்டி எழுப்பிய பத்து இரவுகளை நேற்று அரை ரொட்டியால் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பெயர் டைகர். மலையில் சிறுத்தை நடமாடுகிறது என்று பேச்சு எழுந்ததும் முதலில் நடுங்கியவன் அவன்தான். அதனால் இஸ்தோப்பில், வெளித் திண்ணையில், கிடந்தவனை உள்ளே எடுத்து அடுப்படியோரம் சாக்கு விரித்துக் கொடுத்தோம். வயிற்றுக்குச் சோறு உண்டு. நோய் ஒன்றுமில்லை என்று மிருக வைத்தியரும் சொல்லிவிட்டார். இருந்தும் விளக்கை அணைத்தால் முனகல். நான் போட்ட சட்டம் ஒன்றுதான்: முனகும்போது யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது, அடங்கிய பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சுங்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். தண்ணீர் தெளித்த கிடாய்கூட அவ்வளவு பணிவாகத் தலையாட்டாது.

நேற்று இரவு 1.40. தகரத்தில் மழை கொட்டுகிறது. டைகர் தொடங்குகிறான். முதலில் கதவுக் கீல் போல. பேசாமல் கிடக்கிறேன். பிறகு கேத்தல் கொதிப்பது போல. பேசாமல் கிடக்கிறேன். பிறகு இழவு வீட்டு ஒப்பாரி, ராகம் பிரித்து. எனக்கு உள்ளூரச் சந்தோஷம்கூட. பலிக்காத பழக்கம் அடங்குவதற்கு முன் ஒரு தடவை உச்சத்துக்கு ஏறும், அந்த மேட்டைத் தாண்டினால் இறக்கம்தான். இன்னும் கால் மணி நேரம். பல்லைக் கடிக்கிறேன்.

அப்பாயியின் கட்டில் அசைகிறது.

"அப்பாயி, படுங்கள்."

"நான் ஒன்றுக்குப் போகிறேன்."

ஒன்றுக்குப் போகிறவர் எதற்கு ரொட்டிச் சட்டியின் மூடியைத் திறக்கிறார்? அந்த மூடிச் சத்தம் எனக்குத் தெரியும். டைகருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஒப்பாரி பட்டென்று நின்றது. "பார்த்தாயா, பிள்ளைக்குப் பசி!" பிள்ளை ஏழரை மணிக்குத்தான் கருவாட்டுத் தலையோடு ஒரு தட்டுச் சோற்றை வழித்துத் தின்றது. அதுவும் வெறும் ரொட்டியா? வெங்காயமும் மிளகாயும் இடித்த கட்டச் சம்பல் தடவிய ரொட்டி! வெங்காயம் நாயின் இரத்தத்தில் உள்ள சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்று எத்தனை தடவை சொல்வது? "உன் தாத்தா வளர்த்த நாய் கோழிக் குழம்பே தின்றது, பதினாறு வருடம் இருந்தது." போன மாதம் அந்த நாய் பதினான்கு வருடம்தான் இருந்தது. செத்த பிறகும் அதற்கு வயது ஏறுகிறது.

அம்மா எழுந்து வந்தார். எனக்குத் துணைக்கு என்று நினைத்தேன். "பாவம், வாயில்லாச் சீவன்" என்றார். வாயில்லாச் சீவனா! அப்படியென்றால் லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கேட்டது யாருடைய வாய்? கொழும்பிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த தம்பி ஒரு படி மேலே போய், நாயைத் தூக்கித் தன் கம்பளிக்குள் வைத்துக்கொண்டு, "அக்கா, நீ அதைக் கொடுமைப்படுத்துகிறாய்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். நாளைக்கு அவன் பஸ் ஏறிவிடுவான். கம்பளிச் சுகம் கண்ட நாய் என் தலையில்.

தினமும் கொடுத்துத் தொலைத்தாலாவது பரவாயில்லை. பத்து நாள் இல்லை என்றுவிட்டுப் பதினோராம் நாள் கொடுப்பதுதான் நஞ்சு. எப்போதாவது விழும் என்றுதானே மனிதர்கள் விடாமல் லொத்தர் சீட்டு எடுக்கிறார்கள்? டைகருக்கு நேற்று விழுந்துவிட்டது, இனி விடுவானா? ரஷ்யாவில் பவ்லோவ் நாய்களுக்கு எச்சில் ஊறுவதை அளந்தே பழக்கத்தின் சூட்சுமத்தைக் கண்டுபிடித்தார், அதே நாய்களை வைத்துச் செய்த செரிமான ஆய்வுக்கு 1904இல் நோபல் பரிசும் வாங்கினார். அவருடைய ஆய்வுகூடத்தில் அப்பாயி இல்லை.

காலையில் பார்க்கிறேன், டைகர் ரொட்டிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அப்பாயியைப் பார்க்கிறான், சட்டியைப் பார்க்கிறான், சின்னதாக ஒரு "ங்". அப்பாயி எழுந்து வருகிறார். பத்து நாளில் என்னால் அவனுக்குக் கற்றுக்கொடுக்க முடியாததை அவன் ஒரே இரவில் அப்பாயிக்குக் கற்றுக்கொடுத்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சரி, ஒரு பிளேன் டீயாவது குடிப்போம் என்று சீனி டின்னைத் திறந்தால், காலி. காலி டின்னை மூடி போட்டு, இருந்த இடத்திலேயே பத்திரமாக வைத்த மகராசன் யார்? நாயை விடுங்கள், அதை முதலில் சொல்லுங்கள்.