சென்சஸ்ல கார்பென்டர்னு பதிவான ஆளு

அமெரிக்கக்காரங்க எழுதுற குடும்ப வரலாறு எத எடுத்தாலும் "எங்க பாட்டன் மேற்கே போனார், காட்ட உழுதார், ஊர உருவாக்கினார்"னுதான் ஆரம்பிக்குது. படிக்கும்போதெல்லாம் எனக்கு சார்ல்ஸ் இங்கல்ஸ் ஞாபகம் வந்துடும். அவரோட ரெண்டாவது பொண்ணு லாரா 1930கள்ல சின்ன வயசு வாழ்க்கைய "லிட்டில் ஹவுஸ்"னு நாவல் நாவலா எழுதி, அது டிவி வரைக்கும் போனதால, ஆளு ஃபிடில் (வயலின்தான்) வாசிக்கிற, எதுக்கும் அசராத விவசாயியாவே நம்ம மனசுல உக்காந்துட்டாரு. ஆனா நிலம் அந்தக் குடும்பத்துக்கு சோறு போட்டத விட ரம்பமும் சுத்தியலும் போட்டதுதான் அதிகம்ங்க, அத யாரும் பெருமையா சொல்றதில்ல.

1836-ல நியூயார்க் மாநிலத்துல க்யூபாங்கிற ஊர்ல பிறந்தவரு. முன்னோர் எட்மண்ட் இங்கல்ஸ் 1629-லயே மாசசூசெட்ஸ் லின்ல குடியேறினவர், அப்பறம் தலைமுறை தலைமுறையா மேற்கே நகர்ந்துகிட்டே இருந்திருக்காங்க. விஸ்கான்சின்ல பக்கத்து வீட்டு க்வைனர் குடும்பத்தோட பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்து மூணு கல்யாணம், அதுல ஒண்ணு சார்ல்ஸ் கரோலின் கல்யாணம், 1860-ல.

இப்ப கான்சாஸுக்கு வாங்க. 1870 சென்சஸ்ல மான்ட்கோமரி கவுண்டி ஏட்டுல பேர தப்பா எழுதி, தொழில்னு கேட்ட இடத்துல கார்பென்டர்னு போட்டிருக்காங்க. நில மதிப்பு எழுதுற இடம் காலி. ஏன்னா அது ஓசேஜ் பழங்குடி மக்களோட நிலம், குடியேறின யாருக்கும் பட்டா கிடையாது. "அரசாங்கம் விரட்டிடுச்சு"ன்னு கதைல வரும், உண்மையில அந்த வருஷமே சட்டம் போட்டு ஓக்லஹோமா பக்கம் போக வேண்டி வந்தது ஓசேஜ் ஆளுங்கதான். இங்கல்ஸ் விஸ்கான்சினுக்கே திரும்புனதுக்கு முக்கியக் காரணம் அங்க அவர் வித்த இடத்த வாங்கினவரால பணம் கட்ட முடியல, அவ்ளோதான்.

அப்பறம் மின்னசோட்டா வால்நட் க்ரோவ். கோதுமை நல்லா வந்து நிக்கும்போது வெட்டுக்கிளி, ஒரு வருஷம் இல்ல, வரிசையா. அறுப்புக் கூலிக்கு கிழக்க நடந்தே போயிருக்காரு. 1875-ல நிவாரண மாவு வாங்க "கையில ஒண்ணுமே இல்ல"ன்னு எழுதிக் குடுக்க வேண்டியிருந்தது. தலைமுறைக் கதைல இந்தக் காகிதத்தப் பத்தி யாராவது எழுதுவாங்களா சொல்லுங்க! அடுத்த வருஷம் ஒன்பது மாசப் பையன் ஃப்ரெடி போயிட்டான், புதைச்ச இடம் எதுன்னு கூட இன்னைக்குத் தெரியாது. அயோவா பர் ஓக்ல கடன் தொல்லை தாங்காம ராத்திரியோட ராத்திரியா வண்டி கட்டிக் கிளம்பினதும் இந்த ஆளுதான். 1879-ல மூத்தவ மேரிக்கு காய்ச்சல் வந்து கண்ணு போச்சு.

அப்பறம் டகோட்டாவுல டி ஸ்மெட்ங்கிற ஊரு. மரமே இல்லாத புல்வெளி, ரயில் வந்தாத்தான் பலகை வரும், ஆனா வந்துட்டா ரெண்டு இன்ச்சுக்கு நாலு இன்ச் கட்டைய நிறுத்தி, மிஷின்ல செஞ்ச ஆணிய அடிச்சு ரெண்டு மூணு பேரே ஒரு வீட்ட எழுப்பிடலாம். பழைய முறைல பெரிய உத்தரத்த இழைச்சு கோர்க்க எத்தனை ஆள் வேணும்! 1880-ல ஊரு இப்படித்தான் முளைச்சது, இவரும் கடைக் கட்டடம் கட்டி வித்திருக்காரு, சர்ச் கட்டறதுலயும் கை குடுத்திருக்காரு. அந்தக் குளிர்காலம் ஜனவரிக்கு அப்பறம் மே வரைக்கும் ரயிலே இல்ல, வைக்கோல முறுக்கி முறுக்கி அடுப்புல போட்டு, காப்பி அரைக்கிற மிஷின்ல கோதுமைய அரைச்சு சாப்பிட்டு உயிர் பொழைச்சாங்க. குடியேறுறவங்களுக்கு அரசாங்கம் குடுக்கிற 160 ஏக்கர் இலவச நிலம்னு பேரு, அதுக்கு 1886-ல பட்டா கைக்கு வந்துச்சு, ஆனா கொஞ்ச வருஷத்துல அதையும் வித்தாச்சு. அங்க இவர் நட்ட காட்டன்வுட் மரங்கள்ல சிலது இன்னும் நிக்குது.

1887-ல டி ஸ்மெட் மூணாவது தெருவுல தனக்குன்னு ஒரு வீடு கட்டினாரு. வயசு 51. அதுக்கு முன்னாடி எத்தனை கூரை போட்டிருப்பாரு, ஒண்ணுலயும் நிலைக்கல, இதுலதான் 1902-ல சாகுற வரைக்கும் இருந்தாரு. ஃபிடில் லாராவுக்குப் போச்சு, அது இப்ப மிசூரி மான்ஸ்ஃபீல்டுல மியூசியத்துல இருக்கு. சார்ல்ஸுக்கு நாலு பொண்ணு, பேத்தி ஒருத்திதான், 1968-ல அவ செத்ததோட வம்சமே முடிஞ்சுது.

கரோலினும் மேரியும் அந்த வீட்லதான் இருந்தாங்க. கரோலின் ரூம வாடகைக்கு விட்டாங்க, கண்ணு தெரியாத மேரி குதிரைக்கு ஈ அண்டாம மாட்டுற வலைய விரலால தடவித் தடவிப் பின்னி வித்தாங்க. உழுத நிலம் எப்பவோ கை மாறிடுச்சு, ரெண்டு பொம்பளைங்களும் 1920கள் வரைக்கும் காலம் தள்ளுனது அந்தக் கார்பென்டர் அடிச்ச பலகை வீட்லதான்.