காவல் வேலை அல்ல
"ஏர்வாடிப் பக்கம் மனநலப் பணி என்றால் நோயாளியைக் கட்டிப்போட்டுக் காவல் காப்பதுதான், படிப்பு எதுவும் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்குள்ள காப்பகம் ஒன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்ப முடியாமல் 28 பேர் தீயில் மாண்டதை நம் கடற்கரை மறக்கவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், எந்த வகையிலும் எவரையும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. இந்தப் பணியைச் செய்யும் மனநல சமூகப் பணியாளர் என்பவர் சமூகப் பணியில் முதுகலையும், அதன்மேல் நேரடிச் சிகிச்சைப் பயிற்சியுடன் கூடிய ஈராண்டு முழுநேர எம்.ஃபில். படிப்பும் முடித்தவர் என்பதும் அதே சட்டத்தின் வரையறையே. மனநோய் தீர வேண்டி ஏர்வாடி தர்காவுக்கு வருவோருக்குப் பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கச் செய்யும் 'தவா-துவா' முறையில், மாத்திரையை நிறுத்திவிட்டவரின் குடும்பத்தோடு பொறுமையாகப் பேசுவது காவல்காரரால் ஆகிற காரியமா? சம்பளம் போதாது என்று, அப்படி எழுதியவர் சொல்வது வேறு வழக்கு. அதில் அவரோடு எனக்குச் சண்டை இல்லை.