நல்ல கிரிப் உள்ள வீல் எது என்று கேட்டால், முதலில் உங்கள் எடையைச் சொல்லுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். சிங்கப்பூரில் கிழக்குக் கடற்கரைப் பக்கம் கூம்புகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். பாலிடெக்னிக் மாணவர் மாதிரி ஒரு தம்பி வந்து, என் ஸ்கேட்போர்டுப் பலகையைக் கவிழ்த்துச் சக்கரங்களைப் பார்த்துவிட்டு, "அண்ணே, சிலாலமுக்கு நல்ல கிரிப் உள்ள வீல் எது? எழுபத்தெட்டு ஏ வாங்கலாமா?" என்று கேட்டார்.

"உங்க எடை எவ்வளவு தம்பி?" என்றேன்.

முகம் சுருங்கிவிட்டது. வயிற்றைக் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. என் எடை 82 கிலோ, அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும். அப்புறம் சமாதானப்படுத்தி அரை மணி நேரம் பேசினேன். அன்று பேசியதையும் பேச மறந்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிலாலம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: வரிசையாகக் கூம்புகளை வைத்து, ஸ்கேட்போர்டில் அவற்றுக்கு இடையே வளைந்து வளைந்து போகும் பந்தயம். நேரம்தான் கணக்கு. கூம்பைத் தட்டிவிட்டால் பெரும்பாலான பந்தயங்களில் ஒரு கூம்புக்கு 0.1 விநாடி நேரத்தோடு கூட்டுவார்கள். நெருக்கமாக வைப்பதும் உண்டு, நாலு மீட்டருக்கு மேல் தள்ளித்தள்ளி வைப்பதும் உண்டு. நான் வைப்பது 1.8 மீட்டர் இடைவெளியில் முப்பது கூம்பு. என் மகள் கைத்தொலைபேசியில் நேரம் எடுப்பாள். உயர்நிலை இரண்டு படிக்கிறாள். "அப்பா, நாலு கோன் விழுந்துச்சு" என்று சொல்லும்போது அவள் குரலில் ஒரு சந்தோஷம் தெரியும்.

சரி, சக்கரம். கடையில் போய் நின்றால் முதலில் கண்ணில் படுவது 78ஏ, 80ஏ, 83ஏ என்று அச்சடித்த எண். சக்கரத்தை வார்க்கும் யூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் கடினத்தன்மை அது, ஷோர் ஏ என்ற அளவுகோலில். எண் கூடக்கூடக் கடினம். ஸ்கேட்பார்க்கில் பையன்கள் குதித்து விளையாடும் சின்னச் சக்கரங்கள் 100 பக்கம் இருக்கும், காங்கிரீட்டில் கடகடவென்று சத்தம் போடும். சிலாலம் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 78-லிருந்து 86 வரைக்குள் சுற்றுவார்கள். மென்மையாக இருந்தால் பிடிக்கும், கடினமாக இருந்தால் ஓடும். இதைத்தான் எல்லோரும் சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கும் இப்படித்தான் சொன்னார்கள், ரொம்ப நாள் நம்பினேன். பாதி உண்மை. மீதிப் பாதிதான் என் காசைத் தின்றது.

பிடிப்பையும் வேகத்தையும் தராசின் இரண்டு தட்டில் வைத்துப் பேசுவது மலையில் ஓட்டுபவர்களுக்குப் பொருந்தும். அவர்களுக்கு வேகத்தைச் சரிவே தந்துவிடும், சக்கரம் அதைக் கெடுக்காமல் இருந்தால் போதும். 1970களில் இந்தப் பந்தயம் சூடுபிடித்த கலிஃபோர்னியாவின் லா கோஸ்டாவில் சரிவான சாலைகள் இருந்தன. நமக்கு என்ன இருக்கிறது? ஊரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றே 164 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கிழக்குக் கடற்கரையோ கடலைத் தூர்த்து எடுத்த நிலம், ரொட்டிக் கல் மாதிரி தட்டை. இங்கே வேகம் காலிலிருந்துதான் வரவேண்டும்.

கால் எப்படி வேகம் கொடுக்கிறது? ஒவ்வொரு கூம்பையும் சுற்றும்போது உடம்பைச் சாய்த்து, இடுப்பைத் திருப்பி, சக்கரத்தைப் பக்கவாட்டில் தரையோடு அழுத்துகிறோம். சக்கரம் பக்கவாட்டில் நகர மறுப்பதால் அந்த அழுத்தம் முன்னோக்கிப் போகிறது. இதைத்தான் பம்ப் பண்ணுவது என்கிறோம். சக்கரம் கொஞ்சம் வழுக்கினால்கூடப் போட்ட உழைப்பு வீண். கடற்கரையில் காய்ந்த மணலில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி. ஆகவே தட்டைத் தரையில் பிடிப்பு என்பது வேகத்துக்கு எதிரி இல்லை, பிடிப்பு இல்லாவிட்டால் வேகமே கிடையாது.

அப்படியானால் கிடைப்பதிலேயே மென்மையானதை வாங்கிவிடலாமே? நானும் அதைத்தான் செய்தேன். 78ஏ, பெரிய சைஸ். பிடித்தது, உடும்புப் பிடி. ஆனால் பத்தாவது கூம்புக்குப் பிறகு கால் கனத்தது. மெத்தைமேல் ஓடுகிற மாதிரி. 82 கிலோ ஏறி அழுத்தும்போது யூரித்தேன் நசுங்குகிறது, நசுங்கிய இடம் மெதுவாக மீள்கிறது, அதற்குள் சக்கரம் உருண்டுவிடுகிறது. நான் கொடுத்த சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குள்ளேயே சூடாகிப் போய்விடுகிறது. ஐம்பது கிலோ உள்ள என் மகளுக்கு அதே சக்கரம் அருமையாக ஓடியது. எடையை ஏன் கேட்டேன் என்று இப்போது புரிகிறதா தம்பி?

எண்ணைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. அதைச் சக்கரத்தில் அச்சடிக்க மாட்டார்கள். துள்ளல். அழுத்தினால் எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுதாகப் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது என்பது. ஒரே 80ஏ போட்ட இரண்டு நிறுவனங்களின் சக்கரங்கள், ஒன்று உயிரோடு இருக்கும், இன்னொன்று களிமண் உருண்டை மாதிரி செத்துக் கிடக்கும். கண்டுபிடிக்க இயந்திரம் ஒன்றும் வேண்டாம். பேரிங்கைக் கழற்றிவிட்டு இரண்டையும் இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். எது கூடுதலாக எழும்புகிறதோ அது உங்கள் காலுக்குச் சக்தியைத் திருப்பிக் கொடுக்கும்.

இந்தச் சோதனையை நான் முதலில் செய்தது வீட்டுச் சமையலறையில், இரவு பத்து மணிக்கு. டொக், டொக் டொக், டொக். என் மனைவி எட்டிப் பார்த்து, "கீழ்வீட்டு ஆண்ட்டி இப்போ வந்து கதவைத் தட்டப் போறாங்க, நீங்களே திறங்க" என்றார். வீவக அடுக்குமாடி வீட்டில் வசிப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதன் பிறகு புளோக்குக் கீழே இறங்கித்தான் செய்கிறேன். அங்கே காப்பி குடித்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். மூன்று செட்டைப் போட்டுப் பார்த்ததில் விலை அதிகமான செட் நடுவில் நின்றது. முழங்கால் உயரம்கூட வரவில்லை. அதை விற்ற கடைக்காரர், கடைப்பெயர் வேண்டாம், "இதுதான் சாம்பியன்கள் போடுவது" என்றிருந்தார். சாம்பியன்கள் எவ்வளவு எடை, எந்தத் தரையில் ஓட்டுகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை. தப்பு இரண்டு பக்கமும்தான்.

யூரித்தேன் வந்த கதையும் சுவையானது. அதற்கு முன்பு ஸ்கேட்போர்டுக்கு இரும்புச் சக்கரமும் களிமண் கலவைச் சக்கரமும்தான். சின்னக் கல் மாட்டினால் பலகை நின்றுவிடும், ஆள் பறப்பார். ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்த யூரித்தேன் சக்கரங்களை ஒரு தொழிற்சாலையில் பார்த்த ஃபிராங்க் நாஸ்வொர்த்தி என்ற இளைஞர், இதைப் பலகையில் மாட்டினால் என்ன என்று யோசித்தார். 1970களின் தொடக்கத்தில் காடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். அப்புறம் கிரிப்டானிக்ஸ் நிறுவனம் நிறத்தாலேயே கடினத்தைச் சொன்னது: சிவப்பு மென்மை, நீலம் நடுத்தரம், பச்சை கடினம். எண்ணைவிட அது எனக்குப் பிடித்திருக்கிறது. எண்ணைப் பார்த்தால் துல்லியமாக ஏதோ தெரிந்துகொண்ட மயக்கம் வந்துவிடுகிறது.

இப்போது முழங்கைக் கதை. போன வருடம் இரண்டு புதுச் சக்கரம் மட்டும் வாங்கினேன், முன்னும் பின்னும் வேறு வேறாகப் போட்டுப் பார்க்கலாம் என்று. நன்றாகப் பழகித் தேய்ந்த பழைய ஜோடியை முன்னாலும் பளபளவென்ற புது ஜோடியைப் பின்னாலும் மாட்டினேன். திருப்புவது முன்சக்கரம்தானே, நல்ல பிடிப்பு அங்கேதான் வேண்டும் என்பது என் தர்க்கம். பதினோராவது கூம்பில் முன்பக்கம் கச்சிதமாகத் திரும்பியது. பின்பக்கம் திரும்பவில்லை, வெளியே போய்விட்டது. பலகை குறுக்கே நின்றது, நான் நிற்கவில்லை. முழங்கையில் ஐம்பது காசு அளவுக்குத் தோல் போனது. மகள் ஓடி வந்து முதலில் கேட்டது, "டைம் கணக்கு வைக்கட்டுமா, விட்டுடட்டுமா?"

டாக்சி ஓட்டும் என் மச்சானிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். "ரெண்டே ரெண்டு புது டயர் வாங்கினா எப்பவும் பின்னாலதான் போடணும் மாமா. முன்னால வழுக்கினா சமாளிக்கலாம், பின்னால வழுக்கினா வண்டி சுத்திடும்." அவர் சொன்னது நல்ல பிடிப்பு பின்னால் இருக்கவேண்டும் என்பது. காருக்குப் புது டயர்தான் பிடிக்கும். எங்கள் சக்கரமோ தலைகீழ், புதிதில்தான் வழுக்கும். வார்ப்பு அச்சிலிருந்து வந்த பளபளப்புத் தோல் தேயும்வரை தரையில் பதியாது. இப்போது புதுச் சக்கரத்தை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்கிய பிறகுதான் கூம்புப் பக்கமே கொண்டுபோகிறேன். பின்னால் 80ஏ, முன்னால் 83ஏ. முன்பக்கம் கொஞ்சம் கடினமாக இருப்பதால் ஓட்டம் கிடைக்கிறது, பின்பக்கம் பிடித்து நிற்பதால் தைரியமாக அழுத்த முடிகிறது. சிலாலம் ஓட்டுபவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் பின்னால் மென்மையாக வைக்கிறார்கள். எனக்குத்தான் முழங்கையைக் கொடுத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. சூடு ஏறினால் யூரித்தேன் இளகும். குளிர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் "78ஏ போதும், அற்புதம்" என்று எழுதுவதை நம்பி வாங்கி, இங்கே மத்தியானம் இரண்டு மணித் தாரில் இறக்கினால் அது அவருடைய 78 இல்லை. அதனால் என் கணக்கு: வெளியூர் ஆள் சொல்லும் எண்ணோடு இரண்டு மூன்று கூட்டிக்கொள். கறாரான விதி இல்லை, என் அனுபவம். காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் ஒரே செட் வேறு மாதிரி நடந்துகொள்வதை நானே பார்க்கிறேன்.

தரையும் அப்படித்தான். கடல்பக்கம் என்றால் மணல் பறந்து வந்து படிந்திருக்கும், அதன்மேல் எந்தச் சக்கரமும் கோலிக்குண்டில் நிற்பதுபோல. அங்சானா மரம் பூத்துக் கொட்டிய மறுநாள் தரை முழுக்க மஞ்சள் விரிப்பு. படம் எடுக்க நன்றாக இருக்கும், ஓட்டினால் எலும்பு முறியும். வெள்ளைக் கோட்டுப் பெயிண்ட், வடிகால் மூடி, மழை நின்று அரை மணி நேரம் ஆன சிமெண்டு, இவற்றுக்கு நூறு வெள்ளிச் சக்கரமும் ஒன்றுதான், பத்து வெள்ளிச் சக்கரமும் ஒன்றுதான். என் பையில் கூம்புக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் ஒரு சின்னத் துடைப்பம். சக்கரத்துக்குச் செலவழித்த காசு தராத விநாடிகளைத் துடைப்பம் தந்திருக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விட்டம் 70 மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் இங்கே போதும். பெரிய சக்கரம் சொரசொரப்பில் சுலபமாக ஓடும், ஆனால் கனம், கிளம்பச் சோம்பல்படும், பலகையையும் உயர்த்திவிடும். விளிம்பு கூர்மையாக, சதுரமாக இருக்கட்டும். உருண்டை விளிம்பு வழுக்கி விளையாடுபவர்களுக்கு. நடுவில் உள்ள கோர் அகலமாகவும் உறுதியாகவும் இருந்தால் யூரித்தேன் ஓரத்தில் பிதுங்காது. பேரிங் பெட்டியில் ஏபெக் எண் எவ்வளவு பெரிதாகப் போட்டிருந்தாலும் அதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அந்த எண் தயாரிப்பின் அளவுத் துல்லியத்தைச் சொல்வது, நம் காற்றின் ஈரத்தில் துருப்பிடித்தால் எந்த எண்ணும் உதவாது. மழையில் நனைந்தால் அன்றைக்கே கழற்றித் துடைத்து எண்ணெய் விடுங்கள். நான் ஒரு முறை சோம்பல்பட்டுப் பால்கனியில் போட்டுவிட்டு, மறு வாரம் சக்கரத்தைச் சுழற்றினேன். அம்மிக்கல் சத்தம்.

இவ்வளவு சொன்ன பிறகும் அந்தத் தம்பி, "சரிண்ணே, அப்போ எதை வாங்கட்டும்?" என்றார். 64 கிலோவாம். என் பையிலிருந்த மகளுடைய நீல செட்டைக் கழற்றிக் கொடுத்து, இரண்டு வாரம் ஓட்டிப் பார், அப்புறம் கடைக்குப் போகலாம் என்றேன். மகளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்தப் பதிவை அவள் படிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்த 78ஏ செட் வீட்டில் சும்மா கிடக்கிறது, பாதிகூடத் தேயவில்லை. அறுபது கிலோவுக்குள் இருப்பவர் யாருக்காவது வேண்டுமென்றால் உள்பெட்டியில் சொல்லுங்கள். காசு வேண்டாம், ஒரு தே தாரிக் டீ போதும். ஞாயிறு காலை மழை இல்லாவிட்டால் அங்கேதான் இருப்பேன், துடைப்பத்தோடு.